துண்டு போட்ட பெட்டி

எழுபதுகளில் போடி ஏலக்காய்க் கடையொன்றில் எடை போட்டவர் அவர். ஒல்லி உடம்பு, காதில் செருகிய பென்சில். எதைத் தொடும் முன்பும் விரல்களை ஊதிக்கொள்வார்.

மதுரை ரயிலின் பெட்டி ஒன்றை ஒரு முழ நீளப் பொம்மையாகச் செய்து, உள்ளே தீக்குச்சி பெஞ்சுகள், சாமான் பலகை, விசிறி எல்லாம் வைத்திருந்தார். விசிறி அசலைப் போலவே சுற்றாது. பெஞ்சுகளில் ஆளே இல்லை. இடம் பிடிக்கப் போட்ட நகத்தளவு துண்டுகள்தான் கிடந்தன.

“ஆளுக எங்கண்ணே?” சிறுவனாக இருந்த நான் கேட்டேன்.

“அதான் துண்டு போட்டுருக்காகல்ல? வருவாக.”

பெட்டியின் வாசலோரம், காதில் பென்சிலோடு ஒரு மெழுகு பொம்மை நின்றது.

“இது நீங்கதானே? ஒக்கார வேண்டியதுதானே? நீங்க செஞ்ச பெட்டிதானே!”

பதறிப்போய் விரல்களை ஊதினார். “அடுத்தவன் துண்டை எடுத்துட்டு ஒக்காந்தா சண்டைக்கு வருவான் அப்பு!”

பல வருடம் கழித்து அந்தப் பெட்டியைப் பார்த்தபோதும் துண்டுக்காரர்கள் வந்திருக்கவில்லை. அவர் மட்டும் வாசலோரம் மெழுகாக நின்றுகொண்டிருந்தார்.