முழுசாகக் கேட்ட டாக்டரம்மா

2007-ல் மெடிக்கல் ரெப்பாகச் சேர்ந்த முதல் நாள், கடலூரில் ஒரு டாக்டர்கூட என்னைப் பேசி முடிக்க விடவில்லை. பி.பார்ம். படித்துவிட்டு, எந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். "பேனா கொண்டாந்தியா? வச்சிட்டுப் போ" என்றார் ஒருவர். கூட வந்த சீனியர் ரெப் சிரித்தான்.

"மச்சான், நீ பாடம் நடத்த வரல. அவுங்களுக்கு என்ன வேணும்னு பாரு, போதும்."

சிதம்பரத்தில் மட்டும் ஒரு டாக்டரம்மா இருந்தார். குமராட்சிப் பக்கத்து வயல் வேலைக்காரர்கள்தான் அவரிடம் ஜாஸ்தி. சாம்பிள், பேனா எதையும் தொடமாட்டார். கடைசி நோயாளி போனதும் என்னை உட்கார வைத்து முழுசாகக் கேட்பார்.

"சரி தம்பி, பழைய மாத்திரையவிட இது எதுல ஒசத்தி?"

தெரியாவிட்டால் தெரியாது என்பேன். "அப்ப படிச்சிட்டு வாங்க" என்பார். படிப்பேன். அடுத்த மாதம் அவர் முன்னால் உட்காரவே சிதம்பரம் பஸ் ஏறுவேன். எங்கள் மருந்தை அவர் எழுதியது அபூர்வம்.

அது ஏரியா மேனேஜர் கண்ணை உறுத்தியது. ரெப்போடு மேனேஜரும் போய் டாக்டரைப் பார்க்கிற ஜாயின்ட் ஒர்க் என்று ஒருநாள் என்னோடு வந்தார்.

"அவுங்ககிட்ட எதுவும் பேச வேணாம் சார்" என்று வாசலிலேயே கெஞ்சினேன்.

"நீ சும்மா இருப்பா. கேட்டுப் பாத்தாதான தெரியும்."

உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். "மேடம், பாங்காக்ல ஒரு கான்ஃபரன்ஸ். உங்க சாரையும் கூட்டிட்டு வாங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நம்ம சுகர் மாத்திரைய மட்டும் கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க."

டாக்டரம்மா என்னைத்தான் பார்த்தார். "இதுக்குத்தான் மாசாமாசம் வந்தீங்களா தம்பி?"

"இல்ல மேடம்."

"இல்லாம இருக்கலாம். ஆனா இனிமே நீங்க எத சொன்னாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். வர வேணாம்."

வெளியே வந்ததும் மேனேஜர், "விடுப்பா, வேற டாக்டரா இல்ல" என்றார்.

அடுத்த வருஷம் எங்கள் கம்பெனி ஒரு மாத்திரை கொண்டுவந்தது. நிஜமாகவே நல்ல மருந்து. கூலிக்காரர்களும் வாங்கக்கூடிய விலை. அவர் என்னென்ன கேட்பார் என்று யோசித்து யோசித்துப் படித்தேன். பையோடு அவர் கிளினிக்குக்கு எதிரே போய் நின்றேன். ஜன்னல் வழியே அவர் குனிந்து யாரோ ஒரு நோயாளியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உள்ளே போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருமுறை எதையாவது நீட்டிவிட்டால், அதற்குப் பிறகு நாம் சொல்கிற உண்மையும் வியாபாரப் பேச்சாகிவிடும். அந்த மாத்திரையை மற்ற டாக்டர்களிடம் சொல்லத்தான் செய்தேன். நடுவில் ஒரு கேள்வி வராதா என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பேன்.