நாற்பத்து நான்கு சுற்று

பீளமேட்டில் இன்று மூன்று மாடிக் கட்டடத்தில் நடைபெறும் எங்கள் அத்தையின் அறக்கட்டளை, தொடக்கத்தில் ஒரு பருத்திக் கிடங்கும் ஒரு பதிகமுமாகவே இருந்தது. கிடங்கு எங்களுடையது, கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டின் பின்புறம் இருந்தது. பதிகம் பெருமாளுடையது. தொண்ணூறுகளின் முற்பகுதியில், நான் ஐந்தாம் வகுப்பில் படித்த காலத்தில், இவ்விரண்டையும் கொண்டு அத்தை ஒன்பது பெண்களுக்கு மோட்டார் சுற்றக் கற்றுக்கொடுத்தார்.

அத்தை என் தந்தையின் தமக்கை. கருகிப்போன பம்புசெட் மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றித் தரும் சிறிய பட்டறை ஒன்றை மாமா பீளமேட்டில் வைத்திருந்தார். அவருக்கு உதவியாக இருந்தே அத்தை அத்தொழிலைக் கற்றார். மாமா பரமபதம் அடைந்தபின் பட்டறையை விற்றுவிட்டு, கைப்பிடியால் சுற்றும் மூன்று இயந்திரங்களை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தார். புடவைப் பெட்டியை மறந்து வந்தவர் இயந்திரங்களை மறக்கவில்லை என்று வீட்டில் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் அப்போது விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. தறிக்கு வேண்டிய நூலைச் சிறு குழல்களில் சுற்றிக் கொடுப்பது பெண்களின் வேலை. அதைத் தார் சுற்றுவது என்பார்கள். பகல் முழுவதும் சுற்றினாலும் அந்தக் கூலியில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. கணவனை இழந்தவர்களும், கணவன் இருந்தும் இல்லாதவர்களுமாகச் சிலரை அத்தை அழைத்துவந்து கிடங்கில் அமர்த்தினார். “நூல் சுத்தற கைக்குக் கம்பி சுத்த வராதா?” என்பது அவருடைய வாதம்.

கைக்கு வந்தது, எண்ணிக்கைதான் வரவில்லை. அவர்கள் சுற்றப் பழகிய பம்புசெட் மோட்டாரில் ஒரு சுருளுக்கு நாற்பத்து நான்கு சுற்று வேண்டும். சுற்றைக் காட்டும் மீட்டர் மாமா இருந்த காலத்திலேயே பழுதாகியிருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று வெளியே யாரேனும் குரல் கொடுத்தால் போதும், முப்பதில் இருந்தவர் இருபத்தாறுக்குத் திரும்பிவிடுவார். அவிழ்த்து அவிழ்த்துச் சுற்றியதில் கம்பியின் பூச்சு உரிந்ததுதான் மிச்சம்.

ஒரு வாரம் யோசித்தபின், தாம் நாள்தோறும் சேவிக்கும் பதிகம் ஒன்றை அத்தை இப்பணிக்கு அழைத்தார். பத்துப் பாசுரங்கள், பலன் சொல்லும் பதினோராவது பாசுரம், பாசுரத்துக்கு நான்கு அடிகள். ஓர் அடிக்கு ஒரு சுற்று. பதிகம் நிறைவுற்றால் சுருளும் நிறைவுறும். ஒருவர் முன்னே சொல்ல, மற்றவர்கள் உடன் சேர்ந்து, கோயிலில் கூடி நின்று பாசுரம் சொல்லும் கோஷ்டியின் வேகத்தில் சொல்லியபடியே கைப்பிடியைச் சுற்றினார்கள். அதன்பின் தண்ணீர் வந்தாலும் ஒரு சுருளும் பிசகவில்லை.

பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “பருத்தி அடுக்கற எடத்தப் பஜனை மடம் ஆக்கிப்போட்டா. மோட்டார் ஓடுதோ இல்லியோ, ஒம்பது பேரும் மோட்சத்துக்குப் போயிருவாங்க” என்று, போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். தை பிறப்பதற்குள் இப்பெண்களுக்கு எங்கேனும் வேலை கிடைக்காவிட்டால் கிடங்கைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவர் விதித்த கெடு.

அந்த ஒன்பது பேரில் ஆரோக்கியமேரி என்பவர் மாதா கோயிலைச் சேர்ந்தவர். அவருக்கு மனச்சங்கடம் நேருமோ என்று அத்தை தயங்கி, நீ உன் ஜெபத்தைச் சொல்லிச் சுற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். “பாட்டு எந்தச் சாமியோடதா இருந்தா என்னங்கம்மா, நாப்பத்தி நாலு சரியா வருதில்லீங்களா” என்று அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நான் அறிந்தவரையில் எங்கள் பதிகத்தைப் பிழையின்றி முதலில் மனப்பாடம் செய்தவர் அவரே.

அவருடைய மகள் ஸ்டெல்லா என் வகுப்புத் தோழி. தகப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. தாய் கிடங்குக்குப் பயிற்சிக்கு வரத் தொடங்கியதும் வீட்டில் கூலி நின்றுபோயிற்று. ஆகவே மகள் பள்ளியை விட்டுவிட்டுத் தார் சுற்றப் போனாள். “எங்கம்மாவுக்கு வேலை கெடச்சா நானு மறுபடியும் வருவேன், என் எடத்துல யாரையும் உக்கார உடாத” என்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். அன்றுமுதல் அவளுடைய இடத்தில் என் பையைத்தான் வைத்திருந்தேன்.

மார்கழி மாதம், அரையாண்டு விடுமுறைக்குச் சற்று முன்பாக, மாமாவுக்குப் பழக்கமான பம்புக் கம்பெனி முதலாளி ஒருவர் அத்தைக்கு ஒரு வாய்ப்பளித்தார். முழுக்க இப்பெண்களின் கையால் சுற்றிய மோட்டார் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். இரண்டு மணி நேரம் அது பழுதின்றி ஓடினால் ஒன்பது பேருக்கும் வேலை. கருகினால் மறுபேச்சு இல்லை.

அந்த மோட்டாருக்கு மூன்று பங்குச் சுருள்கள் தேவைப்பட்டன. இரண்டு பங்குக்கு அத்தையே முன்நின்று பதிகம் சொன்னார். மூன்றாம் பங்கைச் சுற்ற வேண்டிய நாளில் மார்கழிப் பனி அவர் தொண்டையைக் கட்டிவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டிவரப் புறப்பட்டவர், போகும்போது என்னை அழைத்து, “கண்ணு, இன்னிக்கு நீ போய்ச் சொல்லு” என்று சாடையும் முணுமுணுப்புமாகச் சொன்னார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாதம் பிறந்தது முதல் நாள்தோறும் விடியற்காலையில் பெருமாள் கோயில் கோஷ்டியில் நின்று சேவித்துவந்தவள் நான். கண்களை மூடிக் கைகளைக் குவித்துச் சேவிக்க வேண்டும் என்றும், நிறைவுப் பாசுரத்தை இருமுறை சொல்லாமல் முடித்தல் ஆகாது என்றும் அங்கே கற்றிருந்தேன். கிடங்கிலும் அவ்வாறே செய்தேன். மூன்று இயந்திரங்கள் சுழல, ஒன்பது பெண்களின் குரலும் உடன்வர, பதினோராவது பாசுரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டித்துச் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது அவர்களுடைய குரல் இன்னும் ஓங்கி ஒலித்தது. என் பக்தி அவர்களையும் தொற்றிக்கொண்டதென்று உள்ளம் பூரித்தேன். “சின்ன அம்மணி பாடுனா பெருமாளே எந்திரிச்சு வந்து கம்பி சுத்துவாருங்க” என்றார் பழனாத்தாள். அவர்தாம் அக்கூட்டத்தில் வாய்த்துடுக்கானவர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சுருள்களை மோட்டாரின் பள்ளங்களில் இறக்கி, கட்டி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் உலர்த்தி முடிக்க நான்கு நாள்கள் ஆயின. பின்னர் ஒரு மெட்டடார் வேனில் மோட்டாருடன் அத்தையும், ஆரோக்கியமேரியும், பழனாத்தாளும் பீளமேட்டுக்குப் புறப்பட்டார்கள். பாடியதற்குப் பரிசாக என்னையும் அத்தை ஏற்றிக்கொண்டார்.

கம்பெனியின் சோதனைக் கூடத்தில் மேஸ்திரி ஒருவர் மோட்டாரைத் தரையோடு பிணைத்து, வயர்களைப் பூட்டியபடியே கேட்டார்: “சுத்து எத்தனைங்க?”

“நாப்பத்து நாலு. எல்லாச் சுருளும் ஒண்ணுபோல” என்றார் அத்தை, இன்னும் தேறாத குரலில்.

“ஒண்ணுபோல இருந்தாச் சரிங்க. ஒரு பங்குல கூடவும் ஒரு பங்குல கொறச்சலாவும் இருந்துச்சுன்னா மோட்டார் கத்தும். அப்புறம் சூடேறிப் பொகைஞ்சுபோயிரும்.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். பதிகம் நாற்பத்து நான்கு அடி. நான் இரட்டித்த பாசுரம் நான்கு அடி. அத்தை முன்நின்ற சுருள்களெல்லாம் நாற்பத்து நான்கு. நான் முன்நின்றவையெல்லாம் நாற்பத்தெட்டு. பள்ளியில் கணக்குப் பாடத்தில் அவ்வளவு விரைவாக நான் எதையும் கூட்டியதில்லை.

அப்போதே வாய் திறந்திருக்கலாம். அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் கைகூப்பி நின்றார். ஆரோக்கியமேரியைப் பார்த்தேன், அவர் புடவை முந்தானையைச் சுருட்டி வாயருகே வைத்திருந்தார். அதற்குள் மேஸ்திரி சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் ஓடியது. கத்தியதா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனெனில் கத்துவது எப்படியிருக்கும் என்றும் தெரியாது. அந்த உறுமல் ஒவ்வொரு நிமிடமும் சற்று உரத்துக்கொண்டே போவதாகப்பட்டது. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் நகர மறுத்தது. பெருமாளே, நான்கு அடிகளையும் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினேன். உமக்குச் சமர்ப்பித்ததைத் திருப்பிக் கேட்கிறேனே என்று அஞ்சி, அதற்கும் மன்னிப்பு வேண்டினேன்.

முக்கால் மணி நேரம் ஆனபோது வாசனை வந்தது. எதுவோ கருகும் வாசனை. மோட்டாரின் விளிம்பிலிருந்து மெல்லிய புகையும் எழுந்தது. அத்தை ஓரடி முன்னால் எடுத்து வைத்தார். ஸ்டெல்லாவின் இடத்தில் இருக்கும் என் பை கண்முன் வந்தது. நான் அழத் தொடங்கினேன்.

மேஸ்திரி நிதானமாக வந்து, மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. “புது வார்னிஷுங்க. மொதல்ல சூடேறறப்ப இப்புடித்தான் வாசம் வரும். ஏனுங்க, பாப்பாவுக்குக் கண்ணு எரியுது பாருங்க, வெளிய நிக்க வைங்க” என்றார்.

நான் வெளியே போகவில்லை. புகை அடங்கியது, வாசனையும் அடங்கியது. இரண்டு மணி நேரம் முடிந்து முதலாளி வந்தார். அவரும் மோட்டாரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சற்றுநேரம் காதைச் சாய்த்துக் கேட்டார். “திங்கக்கெழமை எட்டு மணிக்கு ஒம்பது பேரையும் வரச் சொல்லுங்க” என்று கூறிவிட்டுப் போனார். அத்தை அப்படியே ஒரு பலகையில் அமர்ந்துகொண்டார். பழனாத்தாள், “நானு பாதி மோட்சத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தேனுங்க” என்றார். தொண்டை கட்டியிருந்த அத்தைக்குச் சிரிப்பு மட்டும் தடையில்லாமல் வந்தது.

எனக்கோ இது பெருமாளின் லீலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நெஞ்சில் சுமை இருந்தது. அத்தை அலுவலகத்துக்குள் போயிருந்த நேரத்தில், வேன் அருகே நின்ற ஆரோக்கியமேரியிடம் சென்று, கடைசிப் பாசுரத்தை இரட்டித்துவிட்டதையும், சுற்றுகள் கூடியதையும், ஸ்டெல்லாவின் படிப்பை நான் கெடுக்கப் பார்த்ததையும் விம்மி விம்மிச் சொன்னேன்.

அவர் என் மூக்கைத் தம் முந்தானையால் துடைத்தார்.

“கூடலைங்க அம்மணி. கூடியிருந்தாப் பள்ளத்துல எங்க எறங்கும்? ரெண்டாந்தடவ நீங்க பாடறப்ப நாங்க கைய நிறுத்திப்போட்டு வாயால மட்டுந்தானுங்க பாடுனோம். நீங்கதான் கண்ண மூடியிருந்தீங்களே.”

“ஒம்பது பேருமா?”

“மெஷின் மூணுதானுங்களே. மூணு கையும் நின்னுச்சு. கை சும்மா இருந்ததாலதான் சத்தமாப் பாட வந்துச்சு.”

என்மேல் இருந்த மலை இறங்கியது. உடனே, இறங்கிய இடத்தில் ஒரு கேள்வி முளைத்தது. இரண்டாம் முறை வேண்டாம் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

ஆரோக்கியமேரி பழனாத்தாளைப் பார்த்தார். பழனாத்தாள் குனிந்து, வேன் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நீங்க பாடறப்ப நிறுத்துங்கன்னு நாங்க எப்புடிங்க அம்மணி சொல்றது?” என்றார் ஆரோக்கியமேரி.

வழிநெடுக எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. நிறுத்தச் சொல்ல மனம் வராத அளவுக்கு என் குரல் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். பெரியப்பாவிடமும் பெருமையாகச் சொன்னேன். மோட்டார் ஓடிவிட்டதால் கிடங்கைக் கேட்க வழியில்லாமல் நின்ற பெரியப்பா, நான் சொன்னதைக் கேட்டு ஒரு கணம் என்னைக் கூர்ந்து பார்த்தார். பின்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பள்ளி திறந்த அன்று ஸ்டெல்லா வந்தாள். என் பையை எடுத்து இடம் விட்டேன். அவளிடமும் அதே பெருமையைச் சொன்னேன். அவள் நோட்டைத் திறந்து, விட்டுப்போன பாடம் எதுவென்று கேட்டாள்.

அடுத்த ஆண்டில் கிடங்கு போதாமல் அத்தை பீளமேட்டில் வாடகைக்கு இடம் பிடித்தார்; தையலும், மோட்டார் பழுதுபார்ப்பதும், பிறகு கணினியும் அங்கே வந்தன. பின்னாளில் அந்த ஒன்பது பெண்களே அங்கு வந்து பலருக்கு ஆசிரியைகள் ஆனார்கள். கற்றுக்கொடுக்கும்போது ஒரு பிழையைக் கண்டால் ஆரோக்கியமேரி எவர் முன்னிலையிலும் உரக்கச் சொல்லிவிடுவதை வளர்ந்தபின் பலமுறை கேட்டிருக்கிறேன். அவ்வாறு கேட்ட ஒரு நாளில்தான், அன்று வேன் அருகே அவர் எனக்குத் தந்தது பாராட்டு அன்று என்பது புரிந்தது. ஒன்பது பெண்களின் பிழைப்பும் அந்தக் கைப்பிடிகளில் தொங்கியபோதும், கிடங்குக்குச் சொந்தமான எங்கள் வீட்டுக் குழந்தை ஒன்றிடம் ‘தவறு’ என்று ஒரு சொல் சொல்வதைவிடக் கையை நிறுத்திக்கொண்டு பாடுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது.