கிராணியார் வாசல் சருகு

ஈப்போ வீட்டில் இன்று மாலை சாப்பிட உட்கார்ந்தபோது மகள் ஆங்கிலப் பாடத்தை ஒப்பித்தாள். "'ஸ்டாப் டாக்கிங்'னா பேச்ச நிறுத்து. 'ஸ்டாப் டு டாக்'னா பேசுறதுக்காக நில்லு. அவ்வளோதாம்மா."

இதே பாடத்துக்காகச் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் ஒரு வருடம் சருகு கூட்டினேன்.

அங்கே அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாருக்கு மட்டும்தான் ஆங்கிலம் தெரியும் என்று பேச்சு. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லித்தருவதாகத் தோட்டமெல்லாம் பீற்றிக்கொள்வார். நாங்கள் போனதும் விளக்குமாற்றைக் காட்டுவார். கழுத்தில் பவுடர் மணக்க, சாய்வு நாற்காலியில் கிடந்தபடி இந்த இரண்டு வாக்கியங்களையும் நீட்டி முழக்குவார். வித்தியாசம் கேட்டால், "மொதல்ல ரம்புத்தான் சருகக் கூட்டுலா" என்பார். இருட்டியதும் அனுப்பிவிடுவார்.

பரீட்சை நெருங்கியபோது, ரப்பர்ப் பால் நாற்றம் போகாத கையோடு என் அம்மா வந்து வேலியோரம் நின்றார்.

"ஐயா, பிள்ள இங்கிலீஷ்ல பாஸாகுமா?"

"பால் வெட்டப் போற கைக்கு இங்கிலீஷ் எதுக்குலா?"

அம்மா உள்ளே வந்து, என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி அவர் மடியில் போட்டார். "அப்ப உங்க வாசல நீங்களே கூட்டுங்க."

ஆங்கிலத்தில் நான் தேறவில்லை. அவர் பூட்டி வைத்திருந்த மகா வித்தையை, தட்டிலிருந்த சோறு ஆறுவதற்குள் மகள் சொல்லிவிட்டாள். இப்போது யோசித்தால், அந்த ஆளுக்கே அது தெரிந்திருக்காது.