கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மெஷின்

ஒரு மெஷினைக் கட்டி அனுப்பும் பொறுப்பில் இருப்பவனுக்கு அதன் நிறம்தான் கடைசிக் கவலை. வார்ப்பு, தண்டு, பல்சக்கரம், எதுவும் சொன்ன நாளில் வராது. வந்தது பொருந்தாது. தொண்ணூறுகளில் துடியலூர்ப் பட்டறையில் எனக்கு அதுதான் வேலை. பல்லடத்துக்காரர் ஒருவருக்காக, பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மெஷின் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். என்ன கலர் என்று கேட்டதற்கு, "உங்க இஷ்டமுங்க, ஓடுனாச் சரி" என்றுவிட்டார்.

பெயிண்ட் கடையின் நிற அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த என் மனைவி ஈரக் கையோடு அதைப் பிடுங்கினாள்.

"ஏனுங்க, எப்பப் பாரு பச்சை, இல்லாட்டிச் சாம்பலு. இதை அடிங்க."

கத்தரிப்பூ நிறம்.

"இது மெஷினுக்கு அம்மணி, சீலைக்கில்ல."

"நாளெல்லாம் அதுகூடத்தான நிக்கறீங்க? பாக்க நல்லா இருக்கட்டும்."

அடித்தோம். பட்டறையே சிரித்தது. "ஏனுங்க சார், மெஷினுக்கு வளைகாப்புங்களா?" என்றார் ஃபோர்மேன். ட்ரையலன்று கூட்டிப்போய்க் காட்டுவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். அதற்குள் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், "பெயிண்ட்டு காஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டாள். காய்ந்திருந்தது. அவள் வீடு திரும்பவில்லை.

ட்ரையலுக்குப் பல்லடத்துக்காரர் வந்தார். மெஷின் முனகாமல் ஓடியது. என் வீட்டுச் சேதி எதுவும் அவருக்குத் தெரியாது.

"ஓட்டம் அருமைங்க. கலருதான்... எங்க ஆளுக சிரிச்சே என்னை ஊரை உட்டு முடுக்கிப்போடுவாங்க. பச்சை அடிச்சுக் குடுத்துருங்க."

"இல்லீங்க, அந்தக் கலரு வந்து சாரோட..." என்று ஃபோர்மேன் தொடங்கினார். அவர் தோளை அழுத்தினேன்.

பல்லடத்துக்காரர் நல்ல மனிதர். ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே ஏற்றிக்கொண்டு போயிருப்பார். பிறகு யார் வந்து சிரித்தாலும், பாவம், அந்த சாரோட சம்சாரம் என்று ஆரம்பிப்பார். ஆசையாய் எடுத்த நிறம். அது ஒரு பரிதாபக் கதையாய், கஞ்சி வாடைக்கு நடுவே காலமெல்லாம் நிற்க வேண்டாம்.

"அடிச்சுரலாமுங்க" என்றேன்.

மறுநாள் பெயின்டர்களோடு நானும் உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தேன். யாரும் தடுக்கவில்லை.

சட்டையை ஊறவைக்கும் முன் அவள் விரித்துப் பார்ப்பாள். கரித்தூளாய் இருந்தால், "இன்னைக்கு வார்ப்பு வந்துதுங்களா?" பிசுபிசுப்பாய் இருந்தால், "கியர்பாக்ஸைப் பிரிச்சீங்களாட்ட இருக்குது." அன்று சாயங்காலம் கைமடிப்பிலும் காலரிலும் கத்தரிப்பூத் தூள். என்னங்க இது என்று கேட்க ஆளில்லை.

நானே அலசிக் கொடியில் போட்டேன். பக்கெட்டைத்தான் கவிழ்க்க முடியவில்லை. நிறம் மெல்ல மெல்ல அடியில் படிய, மேலே வெறும் தண்ணீர் தெளிந்துகொண்டே வந்தது.