வேலிக்கு வெளியே நின்றவர்

றெக்கை மாமா இப்போதெல்லாம் எந்தச் சன்னலையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர் சன்னலைப் பார்க்காமல் எப்படி இருப்பார் என்று கேட்கலாம். சாலையைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், அதோடு சரி. கையை வெளியே நீட்டாதே என்று பிள்ளைகளை அதட்டுகிற வேலையைக்கூட உதவியாளர் அம்மாவிடம் விட்டுவிட்டார்.

அந்தப் பெயரை வைத்ததே பிள்ளைகள்தான். பேருந்துகள் நிற்கும் மைதானத்தின் பின்பக்கம் ஒரு சின்ன விமானத் திடல் உண்டு. வசதியுள்ளவர்கள் சொந்தமாக வைத்திருக்கும் குட்டி விமானங்கள் மட்டும் அங்கே ஏறி இறங்கும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் மற்ற ஓட்டுநர்கள் சீட்டைக் கலைத்துப் போடுவார்கள். மாமா மட்டும் கேமராவில் முழங்கை நீள லென்ஸை மாட்டிக்கொண்டு கம்பிவேலி ஓரம் போய் நின்றுவிடுவார். மாலை மணி அடிக்கும்வரை சோறு தண்ணி ஞாபகம் இருக்காது.

எடுத்த படங்களை, விமானத்தின் வாலில் எழுதிய எண், தேதி, நேரம், போன திசை எல்லாம் சேர்த்து வலைத்தளத்தில் போடுவார். இதற்கென்றே அலைகிற ஒரு கூட்டம் ஊர் ஊராக இருக்கிறது. எண் பளிச்சென்று தெரிந்தால்தான் அவர்களுக்கு அது படம், இல்லாவிட்டால் குப்பை. உள்ளே உட்கார்ந்திருப்பது மனிதனா மூட்டையா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. மாமாவும் பார்த்ததில்லை.

அந்த வியாழக்கிழமைதான் முதல்முறையாகப் பார்த்தார். சிவப்புப் பட்டை போட்ட விமானம் ஒன்று திரும்பி மேலேறும்போது, சன்னலில் ஒரு பெண்ணின் கை விரிந்து தெரிந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. இவரும் கையை ஆட்டினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம், இத்தனை வருஷத்தில் விமானத்திலிருந்து ஒரு ஜீவன் எனக்கு டாட்டா காட்டிவிட்டது என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். படத்தையும் அன்றைக்கே போட்டார். பாராட்டு வந்து குவிந்தது.

மறுநாள் அந்த விமானத்தின் சொந்தக்காரர் வேலிக்கு வந்தார். பல் டாக்டர். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டார். காரணம் கேட்டதற்கு, வீட்டு விஷயம், சொல்ல முடியாது என்றார். மாமாவிடம் இதற்கெல்லாம் பதில் தயாராக இருந்தது. வானம் யாருக்கும் சொந்தமில்லை, நான் நிற்பது வேலிக்கு வெளியே, கண்ணுக்குத் தெரிவது எல்லாருக்கும் பொது. சட்டப்படி அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. டாக்டர் திரும்பிப் போய்விட்டார்.

"அந்த மனுஷன் இவ்வளவு தூரம் வந்து கேட்டிருக்காரு, எடுத்துத் தொலைச்சா என்ன?" என்று மனைவி கேட்டாள். "நம்ம வீட்டுச் சன்னலை எவனாவது படம் எடுத்தா சும்மா விடுவீங்களா?"

நம் சன்னல் பறக்கிறதா என்று மாமா திருப்பிக் கேட்டார். தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தும் கொண்டார். ஆனாலும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். படம் எடுக்கிற தன் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற ஒரு நாகரிகத்தைச் செய்தார். வால் எண்ணின்மேல் கறுப்பாகப் பூசி, கூட எழுதியிருந்த எண்ணையும் எடுத்துவிட்டு, 'உரிமையாளர் கேட்டதால் எண் மறைக்கப்பட்டது' என்று கீழே எழுதினார்.

அங்கேதான் வினை பிடித்தது. சும்மா கிடந்த படத்தை விடுகதை ஆக்கிவிட்டார். எண்ணை மறைத்தால் அந்தக் கூட்டம் விடுமா? ஒருவர் பட்டையின் வளைவை வைத்துப் பிடித்தார். இன்னொருவர் கதவோரத்துக் கீறலை வைத்து உறுதி செய்தார். அது வியாழன்தோறும் மலையடிவாரத்து ஓடுபாதையில் இறங்குவதாக மூன்றாமவர் பழைய படங்களைக் கொண்டுவந்து கொட்டினார். தன் ஆட்களின் சாமர்த்தியத்தைப் பார்த்து மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் நீலச்சட்டை போட்ட ஒருவர் வேலியோரம் வந்தார். அவ்வளவு மரியாதை. அண்ணன் அண்ணன் என்று வாய்க்கு வாய் கூப்பிட்டார். உங்கள் படங்கள் அத்தனையும் பார்த்திருக்கிறேன் என்றார். வீட்டில் கேட்க ஆளில்லாத பேச்சைக் கேட்க ஒருவர் கிடைத்துவிட்டால் மாமாவுக்கு என்ன கட்டுப்பாடு? சிவப்புப் பட்டை எப்போது கிளம்பும், எங்கே இறங்கும் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கை தெரிந்த அந்த வியாழன் மட்டும் கவனித்துப் பார்த்ததில், போனபோது இருவர், வந்தபோது டாக்டர் மட்டும்தான் என்று அவராகவே எடுத்துக் கொடுத்தார். வந்தவர் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் போலீஸ்காரர் மைதானத்துக்கு வந்து ஒரு புகைப்படத்தைக் காட்டினார். நீலச்சட்டைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் டாக்டரின் தங்கை புருஷன். அடிக்குத் தப்பிய தங்கையை, பஸ்ஸில் போனால் தெரிந்துவிடும், ரயிலில் போனால் தெரிந்துவிடும் என்று அண்ணன் விமானத்தில் கொண்டுபோய் மலையடிவாரத்தில் குடிவைத்திருந்தார். கணவன் அந்த வீட்டைக் கண்டுபிடித்துக் கத்தியோடு நுழைந்திருக்கிறான். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் தப்பி ஓடியவன், இன்னும் அகப்படவில்லை. அவள் பிழைத்தாளா என்று மாமா கேட்டதற்கு, அதைச் சொல்ல அனுமதியில்லை என்றார் போலீஸ்காரர்.

"உங்க மேல கேஸ் எதுவும் இல்ல, பயப்படாதீங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டல் மாமாவுக்கு அடியைவிட வலித்தது. ஒரு கேஸ் இருந்திருந்தால் ஏதாவது தண்டனை கிடைத்துத் தொலைந்திருக்கும்.

அன்று அவர் காலிப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அது டாட்டா இல்லை. முகத்தை மறைக்க நீட்டிய கை. இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு கண் நேராக லென்ஸைப் பார்த்துப் பயந்து கிடந்தது. அதற்குத்தான் இவர் கையை ஆட்டியிருக்கிறார்.

படத்தை அழித்தார். அது ஏற்கெனவே எங்கெங்கோ போயிருந்தது. பழைய படங்களின் சன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்த இருவர், வாயைத் திறந்து அழும் குழந்தை. இத்தனை வருஷம் இவர்கள் அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதிலிருந்துதான் அவர் சன்னலை நிமிர்ந்து பார்ப்பதை விட்டார். சிலசமயம் காலிப் பேருந்தில்கூட யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தோன்றி வண்டியை ஓரம் கட்டுவார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் டாக்டரின் கிளினிக்குக்கே போனார். பல்வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய், நோயாளி நாற்காலியில் உட்காராமல் நின்றார். டாக்டருக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. முகக்கவசத்தைக் கழற்றவில்லை.

"டாக்டர், நான் பண்ணினதுக்கு மன்னிப்பே கிடையாது. உங்க தங்கச்சி இருக்காங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

டாக்டர் கையுறையை மெதுவாக உருவினார்.

"அவனும் உங்ககிட்ட இப்படித்தானே மரியாதையாக் கேட்டான்?"

எங்கே இருக்கிறாள் என்று கேட்கவில்லையே, உயிரோடு இருக்கிறாளா என்றுதானே கேட்டேன் என்று மாமா முனகினார்.

"அவ இருக்கான்னு சொன்னா, தேடுறவனுக்கு அது போதும். எங்க வீட்டு விஷயம் இனிமே எதுவும் உங்ககிட்ட இருக்கக் கூடாது. போயிட்டு வாங்க."

மாமா வெளியே வந்தார். இரவில் அவர் தூங்காமல் புரள்வதைப் பார்த்து மனசு பொறுக்காமல், அந்த ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், விசாரித்துச் சொல்லட்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியவே கூடாது என்றார்.