கீறுகிறவரும் சோடிக்கிறவளும்

வீடு கட்டுகிறவனுக்கு ஒரு மேசனும் ஒரு தச்சனும் போதும் என்றுதான் யாழ்ப்பாணம் நெடுங்காலம் நம்பியிருந்தது; அதற்கு மேலும் இரண்டு பேர் தேவை என்று சொல்லிப் பிழைத்தவர்கள் நாங்கள்.

ஒருவர் என் கணவர். கொழும்பில் ஒரு கட்டடக் கந்தோரில் பிளான் கீறப் பழகியவர். வீட்டுக்குள்ளே எந்த அறை எங்கே, கதவு எந்தப் பக்கம், குசினிப் புகை எந்த வழியால் போகவேண்டும் என்று தீர்மானிப்பார். மற்றது நான். கலியாணத்துக்கு முன் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையலும் சித்திரமும் படிப்பித்தவள். சுவருக்கு என்ன நிறம், யன்னலுக்கு என்ன சீலை, கதிரை எந்த மூலையில் என்று சொல்வேன். தொழில் இரண்டு, மேசை ஒன்று. மருதனார்மடச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வருகிறவர்கள் எங்களில் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் முழிப்பார்கள். யாரைப் பிடித்தார்களோ அவர் அன்றைக்குத் தலை நிமிர்ந்து நடப்பார். மற்றவருக்கு முகம் ஒரு முழம் நீளும். வீடு கட்டிப் பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்தவர்களும் பட்டார்கள் என்று அறிந்து ஆறிக்கொள்ளுங்கள்.

முதல் வந்தவர்

எங்கள் இரண்டு பேரின் பெயரும் எழுதிய பலகையை வாசலில் தொங்கவிட்டதும் முதல் படலை திறந்து வந்தவர் மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்த கனகசபையர். கோட்டும் குடையுமாக வந்து, உட்காராமலே, பலகையில் இரண்டு பேர் ஏன் இருக்கிறோம் என்று விசாரித்தார். ரிக்கற் இல்லாதவனை விசாரிக்கிற விசாரிப்பு. என் கணவர் தேத்தண்ணியை ஆறவிட்டு விளக்கினார். சுவர் எங்கே வரவேண்டும் என்று தான் சொல்வாராம். அந்தச் சுவரில் என்ன தொங்கவேண்டும் என்று நான் சொல்வேனாம். வீட்டுக்கு இரண்டும் வேண்டுமாம்.

கனகசபையர் கண்ணை மூடி யோசித்தார். வீடு கட்டி முடிந்து குடியும் பூர்ந்தாயிற்று என்றார். அப்படியென்றால் என்னைத்தான் பிடிக்கப்போகிறார் என்று நான் கொப்பியை விரித்தேன். இன்னும் இடிக்க இடமிருக்கும் என்று என் கணவர் பென்சிலைக் கூராக்கினார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"எனக்குச் சுவர் இருக்கு. தொங்கவிடுறதுக்கு என்ரை படமும் இருக்கு. நீங்கள் ரெண்டு பேரும் வந்து ஆணியை மட்டும் அடிச்சுத் தாங்கோ."

பக்கத்து வளவு யன்னல்

இணுவிலில் தெய்வானை அக்காவின் வீட்டு விறாந்தைக்கு உள்ளே இருந்த பெரிய அறை பட்டப்பகலிலும் இருட்டு. என் கணவர் மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்து, இதில் ஒரு யன்னல் வெட்டினால் சரி என்றார். அக்கா நெஞ்சில் கையை வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பியின் வளவு. வேலிக் கதியால் ஒன்றைத் தம்பி ஒரு முழம் தள்ளி நட்ட நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் முகம் பார்ப்பு இல்லை. யன்னல் வெட்டினால் கோட்டுக்கு வழக்காடப் போகவேண்டி வரும். ஆகவே கீறுகிறவர் வேண்டாம், சோடிக்கிறவள் போதும் என்று என்னைப் பிடித்தார்.

மஞ்சள் நிறம் அடித்தேன். வெளிச்சம் போதவில்லை. அப்போது அக்காவே ஒரு யோசனை சொன்னார்: யன்னலை வெட்டத்தானே பயம், கீறினால் என்ன? கீறினேன். இரண்டு கதவும் விரியத் திறந்த யன்னல், அதற்கு அப்பால் வானம், இரண்டு பனை, ஒரு சிவலைப் பசு. முடிந்ததும் எனக்கே அதற்குள் கையை நீட்டிப் பார்க்கத் தோன்றியது. பார்க்க வந்த யாரோ போய், அக்கா உன் பக்கம் யன்னல் திறந்துவிட்டார் என்று தம்பிக்குச் சொல்லிவிட்டார்கள். தன் வீட்டுப் பெண்கள் கிணற்றடிக்குப் போக முடியவில்லை என்று தம்பி ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் முறையிட்டார்.

விதானையார் வந்தார். வெளியில் நின்று சுவரைத் தடவினார், யன்னல் இல்லை. உள்ளே வந்தார், யன்னல் இருந்தது. மறுபடி வெளியே போய்ப் பார்த்தார். கடைசியில் தம்பியையும் உள்ளே கூப்பிட்டார். கதியால் நட்ட பிறகு தம்பி அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். அவர் யன்னலைப் பார்க்கவில்லை, பசுவைப் பார்த்தார். தன்னுடைய மாட்டை யாரைக் கேட்டுக் கீறியது என்று என்னிடம் கேட்டார். கேள்வி நியாயம்; வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து அவருடைய பசுவைத்தான் கீறியிருந்தேன். இதற்கிடையில் அக்கா மோர் கொண்டுவந்து விதானையாருக்குக் கொடுத்தார். பழக்கத்தில் தம்பிக்கும் ஒரு மூக்குப்பேணியை நீட்டிவிட்டார். தம்பியும் பழக்கத்தில் வாங்கிக் குடித்துவிட்டார். விதானையார் வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"உள்ளுக்கை யன்னல் இருக்கு, வெளியிலை இல்லை. ரெண்டு பகுதியும் சொல்லுறது உண்மை. ரீச்சர், நீங்கள் உந்த யன்னலைச் சாத்தினதாக் கீறிவிடுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது."

அச்சுவேலி அலுமாரி

அச்சுவேலியில் சுருட்டு வியாபாரம் செய்த ஒரு முதலாளி மகளுக்கென்று வீடு கட்டினார். யாரைப் பிடிப்பது என்று அவருக்குக் குழப்பமே வரவில்லை. காலையில் என் கணவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். பின்னேரம் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். மற்றவருக்குச் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினார். நாங்களும், இதற்கு முன் எங்களிடம் ஒருவரும் இரகசியம் கேட்டதில்லையே என்ற பெருமைப் புளுகத்தில், ஒரே பாயில் படுத்து எழும்பிக்கொண்டு வாய் திறக்கவில்லை.

கூடத்தின் நீளச் சுவருக்கு நடுவில் ஒரு கதவு வெட்டினால் பின் அறைக்குக் காற்றுப் போகும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். அதே சுவருக்கு நடுவில், நிலைக்கண்ணாடி வைத்த தேக்கு அலுமாரி ஒன்றை நிறுத்தினால் கூடம் இரண்டு மடங்காகத் தெரியும் என்று நான் சொல்லியிருந்தேன். முதலாளி இரண்டையும் செய்வித்தார். அலுமாரி மாட்டு வண்டியில் வந்தது. வாசல் நிலையைக் கழற்றி அதை உள்ளே ஏற்றி, நிலையைத் திரும்பப் பூட்டினார்கள். அதன் பிறகு மேசன் பின் அறையிலிருந்து கதவு வெட்டிக்கொண்டு வந்தான்; சுவர் முடிந்ததும் அலுமாரிப் பலகை வந்தது. எங்களைக் கூப்பிட்டார்கள். கதவை நகர்த்து என்று நான், அலுமாரியை நகர்த்து என்று அவர். கேட்ட ஆலோசனை ஒன்றும் வீண்போகக்கூடாது என்று முதலாளி அலுமாரியின் முதுகுப் பலகையை அறுப்பித்தார். அன்று தொட்டு அந்த வீட்டில் பின் அறைக்குப் போகிறவர்கள் கண்ணாடிக் கதவைத் திறந்து, அலுமாரிக்குள் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள்.

பெண் பார்க்க வந்தார்கள்; நாங்களும் போயிருந்தோம். மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கண்ணாடிக்கு நேரே இருத்தினார்கள். அவர் தன் சால்வையைச் சரிபார்த்துக்கொண்டு இருக்க, அவருடைய முகம் இரண்டாகப் பிளந்து, அதற்குள்ளிருந்து பெண் பலகாரத் தட்டுடன் இறங்கி வந்தது. முதலாளிக்கு வேர்த்தது, என் கணவர் என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளையின் கலியாணம் எங்கள் இரண்டு பேரின் வீம்பால் குழம்பப்போகிறது என்றுதான் நினைத்தேன். தகப்பனார் பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்து, எழும்பிப் போய் அலுமாரிக்குள் ஒருமுறை நுழைந்து திரும்பி வந்து, பேச்சைத் தொடங்கினார்.

"பெட்டையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் சீதனத்திலை உந்த அலுமாரியைத் தாறதெண்டால், அதுக்குள்ளை இருக்கிற அறையையும் சேர்த்து எழுதவேணும்."

குருநகர் நீலம்

குருநகரில் மரியாம்பிள்ளைச் சம்மாட்டியாருக்கு மூன்று வள்ளம், ஒரு கல்வீடு. வீடு அசையாத சாமான், அதற்குப் பிளான் எதற்கு, நிறம்தான் வேண்டும் என்று நேரே என்னிடம் வந்தார். சுண்ணாம்பில் நீலம் கலந்து அளவு சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். சுண்ணாம்பு உப்புக் காற்றுக்கு நிற்காது என்று அவருக்கு ஒரு சந்தேகம். வள்ளத்துக்குப் பூசுகிற சுறா எண்ணெயை ஒரு வாளி எடுத்து அதற்குள் ஊற்றி அடித்துவிட்டார்.

பங்குச் சுவாமியார் வந்து வீடு மந்திரித்து ஆசீர்வதிக்கிற நாளுக்குப் போனேன். சுவர் காயவேயில்லை. சம்மாட்டியாரின் மாமியார் சுவரோடு சாய்ந்து இருந்தவர் எழும்பமுடியாமல், சீலைத் தலைப்பை இரண்டு பேர் உரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். குருநகரில் எத்தனை பூனை உண்டோ அத்தனையும் சுவரோரமாக வரிசையில் இருந்து நக்கிக்கொண்டிருந்தன. நிறம் மட்டும், சொல்லக்கூடாது, அருமையான நிறம். சுவாமியார் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் பெரிய பிரயாசைப்பட்டு, தீர்த்தம் தெளிக்கமுதல் இதுகளைக் கலைக்க முடியாதா என்று மெல்லக் கேட்டார். சம்மாட்டியார் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பணிவாகப் பதில் சொன்னார்.

"இருக்கட்டும் சாமி, அவையும் விசுவாசத்தோடைதான் வந்திருக்கினம்."

எங்கள் வீடு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து, கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியாரின் மனைவி காரில் வந்தார். எங்களில் ஒருவரைத் தெரிவு செய்வதற்கு முன் எங்கள் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். இதைவிட என்னுடைய பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் காட்டியிருப்பேன். என் கணவருக்கு ஒரு குணம்: பிறர் வீட்டில் நடக்காத பிளானை எங்கள் வீட்டில் நடத்திப் பார்ப்பார். சுவரைப் பாதி இடித்ததும் இன்னொரு நல்ல யோசனை வந்துவிடும். அதற்கு வேறு சுவரை இடிக்கவேண்டும். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமுடியுமா? மயில் தைத்த சீலை ஒன்றை முதல் ஓட்டைக்குத் தொங்கவிட்டேன். பிறகு அன்னம். பிறகு திராட்சைக் குலை.

வந்த அம்மா மயிலைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது மயிலின் வயிற்றைத் தள்ளிக்கொண்டு என் கணவர், தலையெல்லாம் சுண்ணாம்பாக, இந்தப் பக்கம் வந்து வணக்கம் சொன்னார். அந்த அம்மா எழும்பிப் போய் அன்னத்தைத் தூக்கிப் பார்த்தார். திராட்சையையும் தூக்கிப் பார்த்தார். காரில் ஏறி இருந்த பிறகுதான் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"இவ்வளவு நாளும் எனக்கு வித்தியாசம் விளங்கேல்லை. ஐயா உடைக்கிறவர், நீங்கள் மூடுறனீங்கள், என்ன?"

பொன்னம்மாவின் மகனுக்கு ஒரு அறை

எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக வேண்டும் என்று கேட்டவர் ஒரேயொருவர்தான். கோப்பாய்ப் பொன்னம்மா. வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம். ஒரே மகன் மலாயாவில் கந்தோர்க் கிளறிக்கல் உத்தியோகம். யப்பான்காரன் வந்த பிறகு அங்கிருந்து காசும் இல்லை, கடிதமும் இல்லை. சீலையும் பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்துவிட்ட காலம். எல்லாரும் வீட்டு வேலையை நிற்பாட்டியிருந்தார்கள். பொன்னம்மா மட்டும் வந்து, சண்டை முடிந்ததும் பிள்ளை வந்துவிடுவான், அவனுக்கு அறை ஆயத்தமாக இருக்கவேண்டும் என்றார்.

மகன் விடியவே எழும்புகிறவன் என்றார். என் கணவர் கிழக்கே யன்னல் வைத்தார். நீலம் பிடிக்கும் என்றார். நீலச் சீலை தைத்தேன். கொஞ்ச நாளில் வந்து, இல்லை, அவன் நேரஞ்செல்ல எழும்புகிறவன் என்று ஞாபகம் வருகிறது என்றார்; யன்னல் தெற்கே போனது. பச்சையோ தெரியாது என்றார், சீலை பச்சையானது. வரவர அவருக்கு மகனைப் பற்றி ஒன்றுமே நிச்சயமில்லாமல் போனது. அதுதான் அவரைப் பயப்படுத்தியது என்று எங்களுக்கு விளங்கியது. அந்த வீட்டு விஷயத்தில் மட்டும் நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. அவர் வந்து சொல்லச் சொல்ல, இவர் பென்சிலை எடுப்பார், நான் ஊசியை எடுப்பேன்.

சண்டை முடிந்து, மகன் வந்தான். பாதி ஆளாக, ஒரு சாக்குப் பையோடு. தாய் அறையைத் திறந்து காட்டியபோது நாங்களும் நின்றோம். அவன் வாசலில் நின்று கட்டிலையும் மேசையையும் சீலையையும் பார்த்தான். உள்ளே காலை வைக்கவில்லை. இது யாருடைய அறை என்று கேட்டான். உன்னுடையது என்று தாய் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு, குசினி வாசலில் பாயைப் போட்டுப் படுத்து, அடுத்த நாள் மத்தியானம் வரை நித்திரை கொண்டானாம். இவ்வளவு வருஷ வேலையும் இப்படிப் போனதே என்று நாங்கள் பிளானையும் கொப்பியையும் கட்டி வைத்துக்கொண்டிருக்க, பொன்னம்மா எங்கள் படலைக்குள் வந்தார். அப்படிச் சந்தோஷமான முகத்தை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மோன் வந்திட்டான், இனி எனக்கு அந்த அறை தேவையில்லை. ஐயா, வெங்காயம் கட்டித் தொங்கவிடுற மாதிரி அதுக்கொரு பிளான் கீறுங்கோ; ரீச்சர், நீங்கள் உந்தச் சீலையைக் கழட்டிப்போடாதேங்கோ, வெங்காயத்துக்கு வெயில் ஆகாது."

கீறுகிறவரைக் கூப்பிடுவதா, சோடிக்கிறவளைக் கூப்பிடுவதா என்று கேட்டு வருகிறவர்களுக்கு, முதலில் அந்த வீட்டில் இருக்கப்போகிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றுதான் அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொல்லி வருகிறோம், தொழிலும் அன்றோடு படுத்துவிட்டது.