சலவை வானிலிருந்து பார்த்த டென்மார்க்

ஒரு நாட்டு மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர்களுடைய அழுக்கு விரிப்புகளைச் சுமந்து பார்க்க வேண்டும். சலவைத் துணி ஏற்றிப் போகும் வானில் வேலை செய்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் இருந்தேன். விடுதிகளுக்கு வெள்ளை விரிப்பும் குளித்துத் துடைக்கும் துவாயும் மேசைத்துணியும் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கானதை மூட்டையாகக் கட்டித் திருப்பிக் கொண்டுவருவது வேலை. வானை ஓட்டியவர் கார்ல் என்ற ஐம்பத்தைந்து வயது டேனிஷ்காரர். மூட்டை சுமந்தவன் நான்.

அது எண்பதுகளின் கடைசி. குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு நாளைக்கு மூன்று தரம் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால், என் நிலைமையை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் மனைவி வதனியும் நாலு வயது மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். விசா கிடைத்தால் வருவார்கள். ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது’ என்ற ஒரே வசனத்தைத்தான் எனக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தரம்தான் கேட்பார்கள்

எஸ்பியர்க்குக்கு வடக்கே, கடற்கரையோரம் ஒரு சின்ன விடுதி. அதை நடத்திய அம்மா சிரித்து நான் கண்டதில்லை. முதல் நாள் மூட்டையை இறக்கியதும் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். நான் வளர்ந்த விதம் உங்களுக்குத் தெரியும்தானே, உடனே ஓம் என்று சொல்லலாமா? வேண்டாம் என்றேன். அவர் இன்னொரு தரம் கேட்பார், மூன்றாம் தரம் வற்புறுத்துவார், அப்போது மனமில்லாததுபோல வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அந்த அம்மா கோப்பிப் போத்தலை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டார்.

ஆறு மாதம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கார்ல் எனக்கு முன்னால் இருந்து ஆவி பறக்கக் கோப்பி குடித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மேற்குக் கரையில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுக்காரரைக் கண்ணில் காட்டக் கூடாது என்று ஊர்ப் பொடியன்களிடம் சொல்லியும் திரிந்தேன். ஒரு பனிக்கால நாளில் தாங்க முடியாமல், எனக்கும் ஒரு கோப்பி தர முடியுமா என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பெரிய கோப்பையாக எடுத்து வைத்தார். ஏன் பிறகு கேட்கவேயில்லை என்றதற்கு அவர் சொன்னது இதுதான்: “நீ வேண்டாம் என்றாய். வளர்ந்த ஆள் ஒருவன் சொன்னதை நான் ஏன் நம்பாமல் விட வேண்டும்?”

கடலுக்கு அந்தப் பக்கம்

மாதத்துக்கு ஒரு தரம் கொப்பன்ஹேகன் போவோம். அங்கே முதலாளியின் மைத்துனருக்கு ஒரு ஹோட்டல் இருந்தது. அப்போது பெரிய பாலம் இல்லை. வானோடு கப்பலில் ஏறித்தான் கடக்க வேண்டும். கடலைக் கடந்தால் மனிதர்களின் சுபாவமே மாறிவிடும் என்பது கார்லின் கட்சி.

அந்த ஹோட்டல் வரவேற்பாளர் என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லாம் கேட்டார். மனைவியின் பெயர், மகளின் வயது, எங்கே இருக்கிறார்கள், எத்தனை மாதமாகக் காத்திருக்கிறேன். இந்த அரசாங்கம் நாட்டுக்கே வெட்கக்கேடு, பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. மேற்கே எங்கள் யூலண்டில் இரண்டு வருடத்தில் கிடைக்காத ஆறுதல் அரை மணித்தியாலத்தில் கிடைத்த சந்தோஷத்தில் நான் திரும்பினேன். அடுத்த மாதம் அவரைத் தேடிப்போய்க் கை கொடுத்தேன். அவர் மலர்ந்த முகத்தோடு கேட்டார்: “வாருங்கள், வாருங்கள். நீங்கள் எந்த நாட்டுக்காரர்?”

துவாய் எண்ணியவர்

எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஹேர்னிங் போகும் வழியில் ஒரு விடுதிக்காரர் இருந்தார். கார்ல் வந்தால் கையெழுத்தைப் போட்டுவிட்டு உள்ளே போவார். நான் தனியாக உள்ளே போனால் மட்டும் துவாய்களை ஒவ்வொன்றாக என் கண் முன்னாலேயே எண்ணுவார். களவெடுக்கிறவனுக்கு முன்னால் எண்ணுவதுபோல எண்ணுவார். எனக்கு உடம்பு எரியும். ஆனால் விசா வரும்வரை யாரோடும் பிரச்சினை வைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் கார்ல் இதைக் கதவடியில் நின்று பார்த்துவிட்டார். நேரே உள்ளே வந்து, அந்த விடுதியின் அழுக்கு மூட்டைகள் எல்லாவற்றையும் வரவேற்பறையின் நடுவில் கொட்டி, தானும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். விரிப்புகள், தலையணை உறைகள், குழம்புக் கறையோடு மேசைத்துணிகள். நடுவில் கணக்குத் தவறிவிட்டதென்று மறுபடி முதலிலிருந்து எண்ணினார். விருந்தாளிகள் சுற்றி வந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். விடுதிக்காரர் கெஞ்சாத குறையாக, இது தேவையில்லை என்றார். கார்ல் நிமிராமலே சொன்னார்: “உன் விடுதியில் எண்ணித்தான் வாங்குவாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எண்ணித்தான் எடுப்பேன்.”

கார்ல் பேசாமல் ஓட்டிய நாள்

கார்ல் வாய் திறந்தால் கொப்பன்ஹேகன்காரரைத் திட்டாமல் மூட மாட்டார். வரி கூடினால் அவர்கள், பன்றி விலை குறைந்தால் அவர்கள், ரோட்டில் பள்ளம் இருந்தாலும் அவர்கள். ஆனால் தேர்தல் வந்தால் ஆளும் கட்சிக்கே போடுவார். கேட்டால், அப்பாவும் அதற்குத்தான் போட்டார் என்பார்.

தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள், மேலிடத்திலிருந்தே அப்படி உத்தரவு போயிருக்கிறது என்று பத்திரிகையில் வந்த அன்று காலை, கார்ல் பேப்பரை வானின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டுவிட்டு ஓட்டினார். திட்டவில்லை. வானொலியையும் போடவில்லை. நான் அதை எடுத்து இரண்டாம் தரம் வாசித்தேன். வதனி ஒவ்வொரு கடிதத்திலும் நான் ஏதாவது பேப்பரைப் பிழையாக நிரப்பிவிட்டேனா என்று கேட்டிருந்தாள். நானும் இரவு பகலாக என் பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். எஸ்பியர்க் துறைமுகம் தெரியத் தொடங்கிய பிறகுதான் கார்ல் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்: “உன்னுடைய பிள்ளைக்கு இப்போது ஆறு வயது என்றாயே. அந்த இரண்டு வருடத்துக்கு வோட்டுப் போட்டவன் நான்தான்.”

நான் செய்த காரியம்

அதன் பிறகு கோப்புகள் அசையத் தொடங்கின. தெரிந்தவர்களுடைய மனைவிமார் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். எனக்கு மட்டும் இன்னொரு கடிதம் வந்தது. நான் விண்ணப்பத்தில் சலவை வான் உதவியாளர் என்று எழுதியிருக்கிறேன். என் மனைவியோ கொழும்பில் அதிகாரி விசாரித்தபோது கணவர் துணி ஆலையில் மேற்பார்வையாளர் என்று சொல்லியிருக்கிறார். எது உண்மை, வேலை தருபவரின் கடிதத்தோடு விளக்கம் அனுப்பவும்.

மேற்பார்வையாளர் பதவியை எனக்கு நானேதான் கொடுத்திருந்தேன். ஊரிலே அடுத்தவர் துணி வெளுப்பதை ஒரு சாதிக்கென்று ஒதுக்கி, அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திய வீட்டில் பிறந்தவன் நான். மாமனாருக்கு எப்படி எழுதுவது? துணி ஆலை, மேற்பார்வை என்று மனைவிக்கும் சேர்த்து அளந்துவிட்டேன். துவாய் எண்ணிய விடுதிக்காரரை நினைத்துப் பல்லைக் கடித்தவன் இவன்தான்.

முதலாளியிடம் போய்க் கடிதம் கேட்டேன். ஏன் இப்படி மாறிச் சொன்னீர்கள் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் காரணத்தைச் சொன்னேன். அவருடைய தகப்பனார் தொடங்கிய தொழிற்சாலை அது. சுவரில் அவர் படமும் இருந்தது. முதலாளி கோபிக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகிவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்: “என் அப்பாவும் ஊரார் துணியைத்தான் துவைத்தார். அதையும் எழுதட்டுமா?”

கப்பலில் வதனி

உண்மையை வதனிக்கும் எழுதினேன். அவளிடமிருந்து அதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு, விசா கிடைத்துவிட்டது என்ற செய்தியும் விமானம் வரும் நாளும் மட்டும் வந்தன. கார்ல் அந்த நாளையே கொப்பன்ஹேகன் போகும் நாளாக மாற்றிக்கொண்டார். இப்படித்தான் என் மனைவியும் மகளும் சலவை வானிலேயே வந்தார்கள். மகள் என்னை அடையாளம் தெரியாமல் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். அது எனக்கு வலித்தது, மறைப்பதற்கில்லை.

கப்பலில் கார்ல் பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனார். நான் வதனியிடம், உனக்குப் பொய் எழுதியதற்குக் கோபமா, உண்மை தெரியாமல் அதிகாரியிடம் போய் மாட்டிக்கொண்டாயே என்று மெல்லத் தொடங்கினேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கு முதல் மாதமே தெரியும். உங்கட தொழிற்சாலையில வேலை செய்யிற இன்னொரு தமிழாளின்ர மனுசி பக்கத்து அறையிலதான் இருந்தவ. நீங்கள் எழுதினதை நான் போய் வெள்ளைக்காரனுக்கு முன்னால பொய்யெண்டு சொல்லுறதோ?”

என் குடும்பத்தை டென்மார்க் அரசாங்கம் இரண்டு வருடம் பிரித்து வைத்தது. அதற்கு மேலே போன மூன்று மாதம் முழுக்க முழுக்க என் சொந்த உழைப்பு.